மேஸ்திரி பதில் சொல்லமாட்டார்

போனை எடுத்தால் "அலோ" என்று சொல்ல வேண்டும் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். மேஸ்திரிக்கு மட்டும் தெரியாது. எடுப்பார், காதில் வைத்துக்கொள்வார், அவ்வளவுதான். இந்தப் பக்கம் நான் அலோ அலோ என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருப்பேன். அந்தப் பக்கம் லாரி உறுமலும் அவருடைய மூச்சும் கேட்கும். வெறுத்துப்போய் வைத்துவிட்டு மறுபடி அடித்தால் மறுபடியும் மூச்சு. நேரில் போய் ஏன் மேஸ்திரி பேசவே மாட்டேன் என்கிறீர்கள் என்று சண்டை பிடித்தால், கூப்பிட்டது நீ, பேச வேண்டியதும் நீ என்பதுபோல முகவாயைக் கொஞ்சம் தூக்கிக் காட்டுவார். அதற்கும் வாயைத் திறக்கமாட்டார்.

எனக்குச் செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் சின்னக் கடை. கடைகளுக்குக் கேமரா மாட்டுவது, வீடுகளுக்கு நெட் இழுத்துக் கொடுப்பது என்று பிழைப்பு ஓடிக்கொண்டிருந்தது. தொண்டூர் போகிற வழியில் கிரானைட் யார்டு வைத்திருந்த முதலாளி ஒருவர் கூப்பிட்டு, யார்டு முழுக்க வயர் இல்லாத நெட் வேண்டும் என்றபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. அதுவரை நான் செய்ததிலேயே பெரிய வேலை ஒரு கல்யாண மண்டபம்தான்.

அந்த யார்டு, குவாரிகளில் அறுத்த கற்களைக் கொண்டுவந்து வரிசையாக அடுக்கி வைக்கும் இடம். வாங்குகிறவர்கள் வந்து பார்த்துப் பிடித்துப்போனால் துறைமுகத்துக்கு லாரி ஏறும். ஒவ்வொரு கல்லும் ஒரு வேன் அளவு இருக்கும். ஒரு மூலையில் நின்று கூப்பிட்டால் மறுமூலைக்குக் கேட்காது, அவ்வளவு பெரிய இடம். மூன்று பக்கமும் மலை. நம்மூர் மலையைத்தான் தெரியுமே, யாரோ லோடு லோடாக உருண்டைப் பாறைகளைக் கொட்டிவிட்டுப் போன மாதிரி. போன் டவர் எங்கே இருந்தாலும் யார்டுக்குள் ஒரு கோடு ஏறாது. எடைமேடைக்குப் பக்கத்தில் ஒரு வேப்பமரம் உண்டு. அதன் கீழே போய் நின்றால் பேசலாம்.

முதலாளிக்கு நெட் வேண்டியது படம் பார்க்க இல்லை. கல்லுக்குச் சங்கிலி மாட்டுகிற மேஸ்திரி கீழே நிற்பார். கிரேன் ஓட்டுகிற ஏழுமலை மேலே இருப்பான். நடுவில் கல் வரிசைகள் மறைப்பதால் ஒருவருக்கொருவர் கண்ணில் பட மாட்டார்கள். மேஸ்திரி கத்துவதை நடுவில் ஒரு ஆள் வாங்கிக் கத்த, அது ஏழுமலை காதில் விழுந்து அவன் தூக்கவோ இறக்கவோ வேண்டும். இப்படிக் கத்திக்கொண்டிருந்ததில் ஒரு தடவை ஒருவருடைய கால் கல்லுக்கடியில் மாட்டி நசுங்கிவிட்டது. அதற்குப் பிறகு முதலாளி இரண்டு பேருக்கும் கையடக்கமாக, நெட்டில் ஓடுகிற பேச்சுச் செட்டு வாங்கிக் கொடுத்தார். பொத்தானை அமுக்கிக்கொண்டு பேச வேண்டும். பேசி முடித்து விரலை எடுத்தால்தான் அடுத்தவர் பேச முடியும். அந்தச் செட்டுக்கு யார்டின் எந்த மூலையிலும் சிக்னல் அறுந்துபோகக் கூடாது, அறுந்தால் ஒரு உயிர் என்று முதலாளி சொல்லியிருந்தார்.

கம்பங்கள் நட்டேன், பெட்டிகள் மாட்டினேன். இந்தச் சிக்னல் என்கிற சமாச்சாரம் செங்கல் சுவராக இருந்தால் எப்படியாவது புகுந்து வந்துவிடும். கருங்கல்லிடம் அதன் ஜம்பம் சாயாது. கல்லுக்குப் பின்னால் நிழல் விழுகிற மாதிரி ஒரு செத்த இடம் விழும். கம்பத்தை உயர்த்தி, இரண்டு பக்கமிருந்தும் வருகிற மாதிரி ஆன்டெனாவைத் திருப்பி வைத்தால் தீர்ந்தது என்று பார்த்தால், யார்டில் கல் ஒரே இடத்திலா நிற்கும்? நேற்று வெட்டவெளியாக இருந்த இடத்தில் காலையில் போனால் ஒரு மதில் நிற்கும். நான் போட்ட கணக்கெல்லாம் பாழ். போதாக்குறைக்கு மலையிலிருந்து குரங்குகள் இறங்கி வந்து கேபிளைப் பல்லால் பதம் பார்த்துவிட்டுப் போகும். இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். மேஸ்திரியைத்தான் பொறுக்க முடியவில்லை.

சிக்னல் எங்கே இருக்கிறது, எங்கே இல்லை என்று பார்க்க ஒரு ஆள் செட்டோடு யார்டுக்குள் நடக்க வேண்டும், இன்னொருவர் கம்பத்தடியில் நின்று பேசிப் பார்க்க வேண்டும். முதல் நாள் மேஸ்திரியைக் கல் வரிசைகளுக்குள் அனுப்பிவிட்டு, கடைக்கோடிக் கம்பத்தடியில் நின்று "கேக்குதா மேஸ்திரி?" என்றேன். பதில் இல்லை. ஏணியைப் போட்டு ஏறி ஆன்டெனாவைத் திருப்பிவிட்டுக் கேட்டேன். பதில் இல்லை. பெட்டியைக் கழற்றி வேறு பெட்டி மாட்டினேன். கம்பத்தில் கை வைக்க முடியாத வெயில். ஏறி இறங்கி, ஏறி இறங்கி முட்டி கழன்றுவிட்டது. கடைசியில் இந்த மனுஷனுக்கு ஏதாவது ஆகிவிட்டதோ என்று பயந்துபோய்த் தேடிக்கொண்டு ஓடினேன். ஒரு கல்லோரம் நிழலில் குந்தியிருந்தார். செட்டு தொடைமேல் இருந்தது. ஓடிக்கொண்டே நான் என் செட்டில் "மேஸ்திரி, மேஸ்திரி" என்று கூப்பிட்டது அதில் கணீரென்று கேட்டுக்கொண்டிருந்தது.

"கேட்டுச்சா இல்லியா?" என்றேன்.

"கேட்டுச்சே."

"அப்புறம் ஏன் பதில் சொல்லல?"

"கேட்டா இன்னாத்துக்குச் சொல்லணும்? கேக்கலன்னா சொல்ல மாட்டனா?"

அங்கேயே ஒரு கல்லின்மேல் உட்கார்ந்துவிட்டேன். கேட்காத ஆள் கேட்கவில்லை என்று எப்படிச் சொல்வான் என்று அவருக்கு விளக்க ஆரம்பித்து, பாதி வழியில் எனக்கே குழம்பிப்போய் நிறுத்திக்கொண்டேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் சொன்னதில் தப்பு ஏதும் தெரியவில்லை போலிருக்கிறது, ஒன்றும் சொல்லவில்லை.

அவருக்கு வாழ்க்கையில் இருந்தது அந்த ஒரே சட்டம்தான். சரியாக இருந்தால் பேச ஒன்றுமில்லை. தப்பாக இருந்தால் ஒரு வார்த்தை. செஞ்சியிலிருந்து பஸ்ஸில் போகிற தூரத்தில், ஊர் முகப்பிலேயே குகை மாதிரி கட்டிய மாதா கெபி இருக்கிற ஒரு சின்ன ஊர் அவருடையது. மகளுக்கு மாப்பிள்ளை வீட்டார் வந்திருந்தார்கள். பையனைப் பிடித்திருக்கிறதா என்று இவரைக் கேட்டிருக்கிறார்கள். இவர் சும்மா இருந்திருக்கிறார். சுற்றி வளைத்து மறுபடியும் கேட்டிருக்கிறார்கள். இவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். இந்த ஆளுக்குப் பிடிக்கவில்லை, வாயைத் திறந்து சொல்லத்தான் கூச்சப்படுகிறார் என்று அவர்கள் தட்டை எடுத்துக்கொண்டு கிளம்பிப் போய்விட்டார்கள். பஸ் போன பிறகு, ஏன் போய்ட்டாங்க என்று இவர் மனைவியைக் கேட்டாராம். பையனை அவருக்கு ரொம்பப் பிடித்திருந்ததாம். பிடிக்கவில்லை என்றால் சொல்லியிருக்க மாட்டேனா என்றாராம். அந்த அம்மா தலையில் அடித்துக்கொண்டு அடுத்த பஸ் பிடித்துத் திண்டிவனம்வரை துரத்திப் போய்க் கூட்டிக்கொண்டு வந்தார். இதை அந்த அம்மாவே என்னிடம் சொன்னார். சொல்லும்போது சிரிக்கவில்லை.

வீட்டோடு போயிருந்தால் எனக்கென்ன வந்தது. கிரேனிலும் அதே சட்டம்தான். மேஸ்திரி "தூக்கு" என்பார். அதற்குப் பிறகு மூச்சு விடமாட்டார். ஏதாவது கோளாறு என்றால் "நிறுத்து" என்பார். நடுவில் சத்தம் இல்லை என்றால் எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்று அர்த்தம். ஏழுமலையும் இத்தனை வருஷமாக அப்படியே பழகியிருந்தான். வாயால் கத்திய காலத்தில் அது சரி. செட்டில் சத்தம் வரவில்லை என்றால் எல்லாம் சரி என்றும் இருக்கலாம், சிக்னல் செத்துப்போச்சு என்றும் இருக்கலாம். ஆகவே கல் மேலே போகிற நேரமெல்லாம் சரி, சரி என்று சொல்லிக்கொண்டே இருங்கள், சரி நின்றுபோனால் ஏழுமலை கிரேனை நிறுத்தட்டும் என்று நான் சொன்னேன். கெஞ்சினேன் என்றே சொல்லலாம். முதலாளியை விட்டும் சொல்லச் சொன்னேன்.

"சரியா இருக்குறப்ப சரி சரின்னு கத்தினு கெடக்க நான் இன்னா பைத்தியமா?" என்றார். என்னிடம் அதுவரை அவர் பேசிய மிக நீளமான பேச்சு அது. நான் எக்கேடோ கெட்டுப் போங்கள் என்று ஏணியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அதற்குக் கொஞ்ச நாள் கழித்து ஒரு பெரிய லோடு துறைமுகத்துக்குப் போக வேண்டியிருந்தது. அவசரத்தில் கற்களை இங்கிருந்து அங்கே மாற்றி, காலையோடு காலையாக ஒரு புது வரிசை எழுப்பியிருந்தார்கள். நான் எடைமேடைப் பக்கம் குரங்கு கடித்த கேபிளை ஒட்டிக்கொண்டிருந்தேன். மேஸ்திரி கல்லுக்கு இந்தப் பக்கம் நின்று செட்டில் "தூக்கு" என்று சொல்லிவிட்டு, அந்தப் பக்கம் எப்படி எழும்புகிறது என்று பார்க்கச் சுற்றிப் போனார். புது வரிசையின் சிக்னல் புகாத நிழல் சரியாக அந்தப் பக்கத்தில் விழுந்திருந்தது. கற்களைத் தண்ணீர் ஊற்றிக் கழுவுவது அஞ்சலை என்கிற பெண்ணின் வேலை, நனைந்த கல்லில்தான் கீறல் தெரியும். அவள் கல்லுக்கடியில் விட்டுவிட்ட வாளியை எடுக்கக் குனிந்துகொண்டிருந்தாள். தலைக்கு மேலே கல் அசைந்து அவள் பக்கமாகத் திரும்பியது. மேஸ்திரி செட்டில் "நிறுத்து" என்றார். மேலே ஏழுமலை காதில் ஒன்றும் விழவில்லை. ஒன்றும் விழவில்லை என்றால் எல்லாம் சரி. அவன் தூக்கிக்கொண்டே இருந்தான்.

மேஸ்திரி செட்டைப் போட்டுவிட்டுப் பாய்ந்து அவளை இடுப்போடு சேர்த்துத் தள்ளினார். இரண்டு பேரும் ஜல்லியில் விழுந்தார்கள். கல் வந்து பக்கத்து வரிசையில் மோதியது. அவள் எடுக்கப் போன வாளி நடுவில் மாட்டிக் காகிதம் மாதிரி ஆகிவிட்டது. மோதிய சத்தம் கேட்டுத்தான் ஏழுமலை நிறுத்தினான். இறங்கி வந்து பார்த்தவன் ஓரமாகப் போய் வாந்தி எடுத்தான். அஞ்சலை அழக்கூட இல்லை, அந்த வாளியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் ஓடிப் போனபோது மேஸ்திரி முழங்கையில் ரத்தத்தோடு நின்றுகொண்டிருந்தார். இப்போதாவது புரிந்ததா என்று அவரைப் பிலுபிலுவென்று பிடித்துக்கொள்ளத்தான் போனேன்.

"நான் சொன்னேன் தம்பி," என்றார்.

"தெரியும் மேஸ்திரி."

"நிறுத்துன்னு சொன்னேன். சொன்னது எங்க போச்சு?"

அந்த மாதிரி ஒரு கேள்வியை என் தொழிலில் யாரும் என்னிடம் கேட்டதில்லை. நெட் வரவில்லை, படம் நிற்கிறது என்றுதான் கேட்பார்கள். வாழ்க்கையில் தேவைப்பட்டபோது மட்டும் ஒரு வார்த்தை சொல்லி, அந்த ஒரு வார்த்தை போய்ச் சேர்ந்துவிடும் என்று நம்பி இருந்தவர் அவர். "கல்லுல முட்டி நின்னுடுச்சி மேஸ்திரி," என்றேன். அவர் அந்தப் புது வரிசைக் கல்லின்மேல் உள்ளங்கையை வைத்து அழுத்திப் பார்த்தார். எனக்கு அவர்மேல் அன்றைக்கு இருந்த கோபம் அத்தனையும் வடிந்துவிட்டது. என்மேலேயே கொஞ்சம் திரும்பியது என்றும் சொல்ல வேண்டும். சிக்னல் போகாத இடம் என் வேலையில்தானே இருந்தது.

மறுநாள் காலையில் சரி சொல்ல ஆரம்பித்தார். அவருக்கு அது வரவில்லை. பழக்கமில்லாத நாக்கு. நாலைந்து சரிக்குப் பிறகு தானாக வாய் மூடிக்கொள்ளும், ஏழுமலை கல்லை நடுவானில் நிறுத்திவிட்டுக் காத்திருப்பான். இரண்டு நாள் இந்தக் கூத்து நடந்தது. மூன்றாம் நாள் செட்டில் செபமாலை கேட்டது.

அவர் வாழ்க்கையில் சத்தமாகத் தொடர்ந்து சொல்லிப் பழகியது அது ஒன்றுதான் போல. செபமாலையில் ஒருவர் முன்பாதி சொன்னால் கூட இருப்பவர்கள் பின்பாதியைச் சொல்லி முடிக்க வேண்டும். மேஸ்திரி முன்பாதியைச் சொல்லிவிட்டுப் பொத்தானிலிருந்து விரலை எடுத்துவிடுவார். ஏழுமலை மேலேயிருந்து பின்பாதியைச் சொல்ல வேண்டும். அது வந்தால்தான் இவர் அடுத்ததைத் தொடங்குவார். இவர் முன்பாதி போகவில்லை என்றால் அவன் நிறுத்திவிட வேண்டும். அவன் பின்பாதி வரவில்லை என்றால் தான் சொன்னது போய்ச் சேரவில்லை என்று இவருக்குத் தெரிந்துவிடும். என்னால் மாசக் கணக்கில் மண்டையில் ஏற்ற முடியாததை அந்த மனுஷன் கோயிலிலிருந்து எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

ஏழுமலை என்னிடம் வந்து புலம்பினான். அவன் மேல்மலையனூர்க்காரன், அமாவாசைக்கு அமாவாசை அங்காளம்மன் சந்நிதியில் நிற்கிறவன். "நான் மேல குந்திக்கினு மாதாவக் கும்பிட்டுனு இருக்கேன்ணே. எங்க ஊர்ல தெரிஞ்சா இன்னா நெனப்பாங்க?" என்றான். அஞ்சலையின் வாளியை நினைத்துக்கொண்டு சொல்லு என்றேன். ஒரு மாசத்தில் அவனுக்கு மனப்பாடமாகிவிட்டது. கற்கள் பார்க்க வந்த வெளியூர் வியாபாரி ஒருவர் இதென்ன பாட்டு என்று கேட்டதற்கு, பாதுகாப்பு ஏற்பாடு என்று முதலாளி கூசாமல் சொன்னார்.

எனக்கு வந்ததுதான் புதுத் தலைவலி. பதில் சொல்லாத மனுஷன் இப்போது விடாமல் புகார் சொல்ல ஆரம்பித்துவிட்டார். பின்பாதி வராத இடம் எதுவாக இருந்தாலும் கல்லை இறக்கி வைத்துவிடுவார். வேப்பமரத்தடிக்கு நடந்து போய் எனக்குப் போன் அடிப்பார். "தம்பி, பாதி வர்ல." வைத்துவிடுவார். சாப்பாட்டில் கை வைத்திருப்பேன், "பாதி வர்ல." மச்சான் கல்யாணத்தில் மொய் எழுதும் மேஜையில் இருப்பேன், "பாதி வர்ல." எந்த இடம், என்ன ஆச்சு, ஒன்றும் சொல்லமாட்டார். செஞ்சியிலிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு ஓட வேண்டும். செட்டின் பேட்டரி மத்தியானத்துக்குள் தீர்ந்துபோகும், அதற்கு வேறு வழி பண்ண வேண்டும். மனைவியிடம் இவரைத் திட்டித் திட்டி, அவளும் இவரைப் பார்க்காமலே திட்ட ஆரம்பித்தாள். இவருடைய வீட்டம்மாவோ, யார்டிலேயே எல்லாவற்றையும் பேசித் தீர்த்துவிட்டு வருகிறார், வீட்டுக்கு மிச்சம் ஒன்றும் இல்லை என்று என்னிடமே குறைப்பட்டார், நான்தான் அவரைக் கெடுத்துவிட்ட மாதிரி.

ஆனால் அவர் புகார் சொல்லச் சொல்ல ஒவ்வொரு செத்த இடமாக அடைபட்டது. கிரேன் உத்தரத்திலேயே ஒரு பெட்டியை மாட்டினேன், அது கல்லோடு கூடவே நகரும். இரண்டு கம்பங்களைப் பிடுங்கி மேட்டில் நட்டேன். கடையில் இருந்தபடியே யார்டு முழுவதையும் பார்க்கத் திரையில் ஒரு படம் போட்டு வைத்தேன். ஒவ்வொரு கம்பமும் ஒரு புள்ளி, ஒவ்வொரு செட்டும் ஒரு புள்ளி. சிக்னல் நன்றாக இருந்தால் பச்சை. யாராவது பேசப் பொத்தானை அமுக்கினால் அந்தப் புள்ளி விரலை எடுக்கும்வரை மின்னும். மேஸ்திரியின் புள்ளி நாள் முழுக்க மின்னி அணைந்து மின்னிக்கொண்டிருக்கும். கடையில் வேலை இல்லாத நேரத்தில் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். எனக்கு அவரை ரொம்பப் பிடித்துப்போயிருந்தது. அதைச் சொல்லும்போதுகூட எரிச்சலாகத்தான் வருகிறது.

பாதி வரவில்லை என்ற போன் நின்றுபோய்ப் பல வாரங்கள் ஆகியிருந்தன. சித்திரை வெயில், மத்தியான நேரம். கேமராவில் தன் மாமியார் தெளிவாகத் தெரியவில்லை என்று ஒருவர் கடையில் என்னோடு வாதாடிக்கொண்டிருந்தார். ஏழுமலை போன் பண்ணினான். யார்டுக்குள்ளிருந்து, என் நெட்டு வழியாக.

"அண்ணே, சிக்னல் போச்சுண்ணே. மேஸ்திரி சத்தம் வர்ல. கல்ல அப்படியே நிறுத்தி வெச்சிருக்கேன்."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. இத்தனை பாடுபட்டும் இன்னும் ஒரு ஓட்டையா? நீ கூப்பிட்டுப் பார்த்தாயா என்றேன்.

"நான் அமுக்குனா எடுக்க மாட்டேங்குதுண்ணே. அவர் பக்கம் அமுக்கிக்கினு இருக்குற மாதிரி இருக்குது. காக்கா கத்துறது மட்டும் கேக்குது. அவர் பாதி வந்தாத்தான நான் மீதி சொல்ல முடியும்?"

திரையைத் திறந்தேன். கம்பங்கள் எல்லாம் பச்சை. கிரேன் மேலிருந்த பெட்டி பச்சை. மேட்டில் நட்ட இரண்டும் பச்சை. எங்கேயாவது ஒரு சிவப்பு இருக்காதா என்று வரிசையாக மறுபடி பார்த்தேன். என் வேலையில் ஒரு கோளாறு இருந்துவிடட்டும் என்று நான் வேண்டிக்கொண்டது அந்த ஒரு நாள்தான். மேஸ்திரியின் செட்டு வடக்கு வரிசைக்குப் பின்னால் இருந்தது. முழுப் பச்சை. அணையாமல் மின்னிக்கொண்டிருந்தது.

"சிக்னல் நல்லா இருக்குது ஏழுமல," என்றேன். "நீ எறங்கி ஓடு."

போனை அவன் அணைக்கவில்லை. ஜல்லியில் அவன் ஓடுவது எனக்குக் கேட்டது. கல்லில் முதுகைச் சாய்த்துக் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாராம், செட்டு வாய்க்குக் கிட்டவே இருந்ததாம், மூச்சுதான் இல்லையாம். திரையில் அந்தப் புள்ளி, மேஸ்திரி பேசிக்கொண்டிருப்பதாகவே காட்டிக்கொண்டிருந்தது, ஏழுமலை போய் அவருடைய கட்டைவிரலைப் பொத்தானிலிருந்து எடுத்துவிடும்வரை.